ஆச்சி வேஷம்

பாடப்புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று ஒரு படம் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சும் சிவப்புமாக இலைகள் கொட்டிக் கிடக்கும். நடுவில் மஃப்ளர் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை நிற்கும். எங்கள் கொல்லிமலையில் அக்டோபர் கடைசியில் அந்த மஃப்ளர் மட்டும்தான் படத்தோடு ஒத்துப்போகும். மற்றபடி மிளகுக்கொடியும் காபிச் செடியும் மழையில் பச்சைப்பசேல் என்று நிற்கும். பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். துவைத்த துணி காயாது. பிள்ளைகளை வெளியே விட முடியாது. சாயங்காலம் மஞ்சு இறங்கினால் எதிர்வீடு காணாமல் போய்விடும். கரண்டும் தன் இஷ்டத்துக்கு வந்து போகும்.

போன வருஷம் இப்படி ஒரு நாளில்தான் என் பெரியவள் கேட்டாள், "அம்மா, நம்ம வீட்ல ஹாலோவீன் கொண்டாடலாமா?"

அவளுக்குப் பதினொரு வயது. பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் சித்தி மகள் வீடியோ அனுப்பியிருக்கிறாள். பிள்ளைகள் எலும்புக்கூடு சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி சாக்லேட் வாங்குகிறார்கள். பார்க்க ஜாலியாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் தீபாவளியே அக்டோபர் 31-ல் வந்துவிட்டதால் இப்படி ஒன்று இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 2025-ல் தீபாவளி 20-ஆம் தேதியே முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கை நமநமத்தது.

சட்டென்று 'சரி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் என் சின்னவன்.

என் அம்மா, பிள்ளைகளுக்கு ஆச்சி, தூத்துக்குடியிலிருந்து வந்து கடைசி ஒன்றரை வருஷம் எங்களோடு மலையில்தான் இருந்தார்கள். சின்னவன் அவர்கள் பக்கத்தில்தான் தூங்குவான். ஜூலை மாதம் ஒரு ராத்திரி மூச்சுத் திணறல் வந்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பி வரும்போது அம்மா இல்லை. அடக்கம் சொந்த ஊரில். மழையும் ஜுரமுமாக இருந்த சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளை பார்த்ததெல்லாம் ஆம்புலன்ஸ் கதவு மூடியதை மட்டும்தான்.

அதற்குப் பிறகு விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல் அவன் அந்த அறைப் பக்கம் போகமாட்டான். பந்து உள்ளே உருண்டுபோனால் காலையில்தான் எடுப்பான். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான்: "ஆச்சி பேயா வருவாங்களா?"

அவனைச் சொல்லியும் பிரயோசனம் இல்லை. யூடியூபில் கொல்லிமலை என்று தேடிப் பாருங்கள். அருவிக்கும் அன்னாசிப்பழத்துக்கும் முன்னால் மாந்திரீகமும் அமானுஷ்யமும் நள்ளிரவுச் சத்தமும்தான் வரிசையில் நிற்கும். நாங்கள் காய் வாங்குகிற, ரேஷனுக்கு நிற்கிற ஊரை, பின்னணி இசை போட்டுப் பேய்க்காடு ஆக்கி வைத்திருக்கிறார்கள். சிரிப்பாலேயே ஆளைக் கொல்லுமாம் கொல்லிப்பாவை. சங்கப் பாட்டிலேயே வருகிற பாவை அது. அவளைக்கூட இந்த மலையைக் காக்கிறவளாகத்தான் இங்கே கும்பிடுகிறார்கள். வீடியோ போடுகிறவர்களுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

சொந்த ஆச்சியை நினைத்துப் பிள்ளை பயப்படுகிறானே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வீட்டில் வெள்ளைப் போர்வையை மூடிக்கொண்டு 'பே' என்று விளையாடச் சொல்லவா?

வீட்டுக்காரர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். நாங்கள் ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் கலந்த குடும்பம். நான் ஆர்.சி., அவர் சி.எஸ்.ஐ. "அக்டோபர் 31 எங்களுக்கு சீர்திருத்தத் திருநாள். 1517-ல் மார்ட்டின் லூதர் தொண்ணூற்றைந்து கேள்வி கேட்ட நாள். அதை விட்டுட்டுப் பூசணிக்காய்ல ஓட்டை போடணுமா?" என்றார்.

"லூதர் ஏன் அந்தத் தேதியைப் பிடிச்சார், அதைச் சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் எங்களுடைய சகல புனிதர்கள் திருநாள். நவம்பர் 1. ஹாலோவீன் என்கிற பெயரே 'புனிதர்கள் எல்லோரின் நாளுக்கு முந்தின ராத்திரி' என்கிற ஆங்கிலச் சொற்கள் தேய்ந்து வந்ததுதான். அதற்கு அடுத்த நாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஆயிரம் வருஷத்துக்கு முன் பிரான்சில் குளூனி மடத்தின் தலைவராக இருந்த ஒடிலோ என்பவர் தம்முடைய மடங்களில் தொடங்கி வைத்தது, தூத்துக்குடி வரைக்கும் வந்திருக்கிறது. ஆக மூன்று நாள். முதல் நாளை மட்டும் பிய்த்து எடுத்துக் கடையில் விற்கிறார்கள். மற்ற இரண்டு நாளும் நம்மிடம்தான் இருக்கிறது.

ஹாலோவீன் என்றாலே சாத்தான் பண்டிகை என்று கதவைச் சாத்துகிற கிறிஸ்தவ வீடுகள் உண்டு. எதற்கு வந்தது என்று தெரியாமலே கேக் வெட்டுகிற வீடுகளும் உண்டு. எனக்கு இரண்டிலும் ஒப்புதல் இல்லை. பிள்ளை ஒன்றைக் கேட்டால் 'கூடாது' என்று முடித்துவிட்டால், அவள் அதை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வாள். போன வருஷம் 31-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு கூடவே வந்தது. மூன்று நாளையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம், பேய் மட்டும் கிடையாது என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை பூசணிக்காய். இந்தப் பக்கம் அரசாணிக்காய் என்பார்கள், சென்னைப் பக்கம் பரங்கிக்காய். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்களாம். அமெரிக்காவுக்குக் குடியேறின பிறகு, குடைவதற்குச் சுலபமாக இருக்கிறதென்று பூசணிக்கு மாறினார்கள். "நம்ம ஊர்ல வருஷம் பூரா ஹாலோவீன்தானே" என்றாள் பெரியவள். யோசித்தால் உண்மைதான். கட்டுகிற வீடு ஒவ்வொன்றிலும் கோரைப்பல் வரைந்த திருஷ்டிப் பூசணி தொங்குகிறது. ஆயுத பூஜை முடிந்த சாயங்காலம் ரோடெல்லாம் குங்குமம் தடவிய பூசணிச் சில். டூவீலர்காரர்களுக்கு அதைவிடப் பயம் காட்ட எந்தப் பேயால் முடியும்?

நீங்களும் செய்வதாக இருந்தால் இரண்டு விஷயம். மேலே மூடி வெட்டும்போது கத்தியை நேராக இறக்காமல் உள்பக்கமாகச் சாய்த்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் மூடி உள்ளே விழுந்துவிடும். வெட்டுகிற வேலை பெரியவர்களுடையது, வழிக்கிற வேலை பிள்ளைகளுடையது. ஸ்பூனை விடக் கொட்டாங்குச்சிதான் நன்றாக வழிக்கும். வழித்த சதை மதியத்துக்குக் கூட்டு ஆகிவிட்டது. விதையைக் கழுவி, உப்புப் போட்டு வறுத்துக் கொறித்தோம். உள்ளே அகல் வைப்பதானால் மூடியில் ஒரு ஓட்டை வேண்டும், புகை போக. நான் சின்ன டார்ச் லைட்டைத்தான் வைத்தேன். இங்கே அடிக்கிற காற்றுக்கு அகல் எங்கே நிற்கும்?

பெரியவள் ஒரு பக்கம் சிலுவை வரைந்தாள். சின்னவன் மறுபக்கம் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு பெரிய வட்டம் போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்தான். "கண்ணா?" என்றேன். "கண்ணாடி" என்றான். யாருடைய கண்ணாடி என்று சொல்லவில்லை. கோட்டோடு வெட்டிக் கொடுத்தேன்.

மழை விடாததால் மீதிப் பொழுதைத் தரையில் உட்கார்ந்து கழித்தோம். பலா, காபி, மிளகு, சில்வர் ஓக் இலைகளைப் பொறுக்கி வந்து துடைத்து, வெள்ளைத்தாளுக்கு அடியில் வைத்துக் கிரேயானால் தேய்த்தால் நரம்பு நரம்பாக எழும்பி வரும். சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும். அதை அப்படியே ஒட்டினாலே வாழ்த்து அட்டை. பிறகு வீட்டுக்காரர் தம் லூதர் திருநாளுக்காக வெண்டைக்காய் அச்சு போட்டுக் காட்டினார். காம்புப் பக்கம் வெட்டி, வாட்டர் கலரில் தோய்த்துக் குத்தினால் ஐந்து இதழ்ப் பூ.

பூவோடு பிரசங்கமும் வந்தது. லூதர் வழி வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது என்று ஆரம்பித்தார். நான் விடுவேனா? "அதுக்கு நூத்தி முப்பத்தேழு வருஷம் முன்னாடியே, 1578-ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம் அச்சாயிடுச்சு. போட்டவர் எங்க முத்துக்குளித்துறை அண்டிரிக் அடிகளார். 1586-ல புனிதர்கள் கதையையே தனிப் புத்தகமா போட்டிருக்கார்" என்றேன். பெரியவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெண்டைக்காய் வீணாப் போகுது" என்றாள்.

சாயங்காலம் சாக்லேட் பிரச்சினை. வீடு வீடாகப் போய் வாங்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. முன்காலத்து இங்கிலாந்தில் இந்த நாட்களில் ஏழைகள் வீடு வீடாகப் போவார்களாம். அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் சொன்னால் ஒரு சின்ன ரொட்டி கொடுப்பார்களாம். சாக்லேட்டின் பூர்வீகத்தில் அந்த ரொட்டிக்கும் பங்கு உண்டு. எங்கள் தெருவில் அப்படிப் போய் நின்றால் கேலியாகிவிடும். ஆனால் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வந்த தூக்குவாளிகளும் டப்பாக்களும் பத்து நாளாக என் அடுக்களையில் இருந்தன. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதே. வாங்கப் போகவில்லை, கொடுக்கப் போனோம்.

தினைமாவு உருண்டை. இந்த மலையில் மரவள்ளிக்கிழங்கு வந்து தினையையும் சாமையையும் ஓரங்கட்டிவிட்டாலும், கேட்டால் கிடைக்கிறது. ஒரு டம்ளர் தினையை வாசம் வர வறுத்து, ஆறவைத்துப் பொடித்து, அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து, சூடான நெய் விட்டுப் பிடித்தால் ஆயிற்று. வெல்லத்தைக் குறைத்துக் கொஞ்சம் மலைத்தேன் விட்டால் இன்னும் ருசி. குடையும் டார்ச்சுமாக ஆறு வீட்டுக்கு நடந்தோம். எல்லா வீட்டிலும் "உள்ள வாங்க, நனையாதீங்க" தான். கடைசி வீட்டுப் பாட்டி பிள்ளைகளுக்குத் திருநீறு பூசப் போய், "ஓ, நீங்க வேதக்காரங்க இல்ல" என்று கன்னத்தைத் தடவி விட்டு, இரண்டு மலைவாழைப்பழம் கொடுத்தார்கள். ஹாலோவீன் வசூல் அதுதான்.

சனிக்கிழமை புனிதர்கள். மாறுவேஷப் போட்டிக்கு ஒரு விதி வைத்தேன். பயமுறுத்துகிற வேஷம் கூடாது. நல்லது செய்து இறந்துபோன ஒருவராக வர வேண்டும். வீட்டில் இருக்கிற துணிதான். வந்து நின்று மூன்று வரி பேச வேண்டும். புனிதர் பட்டம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்படி வைத்தால் வீட்டுக்காரர் வெளிநடப்பு செய்துவிடுவார்.

எனக்குச் சுலபம். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை ஒன்று இருந்தது, அன்னை தெரசா. வீட்டுக்காரர் கறுப்பு மழைக்கோட்டில் லூதர். சின்னவனுக்கு நான் தேவசகாயம் பிள்ளையை யோசித்து வைத்திருந்தேன். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்து, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. வேட்டியும் கைச்சங்கிலியும் போதும். பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சங்கிலி ஒட்ட ஒரு மத்தியானமே போயிற்று. அவனும் ஆசையாகத்தான் ஒட்டினான்.

பெரியவள் யாரென்று சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு தயாரானாள். வெளியே வந்தபோது என் பழைய நைட்டியை இடுப்பில் கட்டி, தலையில் அப்பாவின் தொப்பி, இரண்டு கையிலும் மூங்கில் கழி. "நான் எவ்லின் பிராண்ட். எல்லாரும் கிரானி பிராண்ட்னு கூப்பிடுவாங்க. எங்க வீட்ல கண்ணாடி கிடையாது" என்றாள்.

கொல்லிமலைக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்று ஒரு ஆங்கிலேயத் தம்பதி, நூறு வருஷத்துக்கு முன் இந்த மலைக்கு ஊழியம் செய்ய வந்தார்கள். எவ்லின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், படம் வரைகிறவர். அப்போது மேலே வர ரோடு கிடையாது. மலேரியா காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் ஏறவே தயங்குகிற மலை. மரத்தில் வீடு கட்டிக்கொண்டு, மருந்து கொடுத்து, பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1923-ல் ஒன்பது வயது மகன் பாலையும் தங்கை கானியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி, மலேரியா முற்றி வருகிற கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். மலையிலேயே அடக்கம்.

எவ்லின் மலையை விடவில்லை. வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிய மிஷனே சொன்ன பிறகும் தன் சொந்தப் பொறுப்பில் மேலே ஏறி வந்துவிட்டார். மட்டக்குதிரையில் மலை மலையாகப் போய் மருந்து கொடுத்தார். நடை தளர்ந்த பிறகு மூங்கில் கழி ஊன்றி நடந்தார். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். பெரியவள் பிடித்துக்கொண்டது அதைத்தான். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கணவருக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். அந்த மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி வைத்து நிமிர்த்திக் காட்டியவர்.

பெரியவளுடைய மூன்று வரி பத்து நிமிஷம் போயிற்று. கடைசியாக ஒன்று சொன்னாள். அப்பா இறந்துவிட்டார் என்று இங்கிலாந்துக்குத் தந்தி போனபோது பாலுக்குப் பதினாலு வயது. தந்திக்குப் பிறகு, அப்பா உயிரோடு இருக்கும்போது எழுதிப் போட்ட கடிதம் கப்பலில் மெதுவாக வந்து சேர்ந்தது. மரத்தைப் பற்றியும் மலையைப் பற்றியும் வழக்கம்போல எழுதியிருந்தாராம்.

"செத்தப்புறமும் கடுதாசி வருமா?" உள்ளேயிருந்து சின்னவன் குரல்.

எங்கிருந்து என்று திரும்பிப் பார்த்தால், ஆச்சி அறையிலிருந்து. மணி ஆறு. விளக்குகூடப் போடவில்லை.

வெளியே வந்தான். ஆச்சியின் வெள்ளைப் புடவையை உடம்பைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தான், பாதிப் புடவை தரையில் இழுபட்டது. ஒரு பக்கக் காது நூலால் கட்டிய ஆச்சியின் மூக்குக்கண்ணாடி. கழுத்தில் ஜெபமாலை. டிரங்குப் பெட்டியை அவனே திறந்து எடுத்திருக்கிறான். காகிதச் சங்கிலி கட்டில்மேல் கிடந்தது.

"நான் ஆச்சி. ஊரு தூத்துக்குடி. எனக்கு முட்டி வலி. பேரனுக்கு விக்ஸ் தேச்சு விடுவேன். மொபைலை ஆஃப் பண்ணு, கண்ணு கெட்டுப் போயிரும்."

மூன்று வரிக்கு மேல்தான். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் பலமாகக் கைதட்டினார். எனக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து எழுந்து போனேன். பால் அடுப்பில் இல்லை, பிரிட்ஜில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தேன்.

ஞாயிறு கல்லறைத் திருநாள். எங்கள் ஊரில் அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் முன்பே புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து, செவ்வந்தியும் சம்பங்கியும் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். பிள்ளைகள் உருகிய மெழுகை உருட்டி விளையாடும். சின்ன வயதில் எனக்குக் கல்லறை என்றால் அந்த வெளிச்சம்தான், பயம் என்று ஒன்று தோன்றியதே கிடையாது. இருட்டில் தனியாகக் காட்டுகிற சினிமாவில்தான் கல்லறைக்குப் பேய் வருகிறது.

இந்த முறை ஊருக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே ஆச்சியின் போட்டோ முன் மெழுகுவர்த்தி வைக்கலாம் என்றேன். வீட்டுக்காரர் கொஞ்சம் நெளிந்தார். அவர்கள் வழியில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லை. எனக்கோ நவம்பர் மாதம் முழுக்க உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஜெபமாலை சொல்லி வளர்ந்த பழக்கம். கல்யாணமான புதிதில் இதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். இப்போது பதிமூன்று வருஷம் ஆயிற்று. "நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக்கறேன். நீங்க ஆச்சிக்காக நன்றி சொல்லுங்க" என்றேன். அவர் நன்றி சொன்னதுதான் நீளமாக இருந்தது. என் அம்மா வைத்த நண்டுக் குழம்புக்கு மட்டும் இரண்டு வாக்கியம்.

ஐந்து மணிக்கு அண்ணன் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடியோ கால் போட்டான். மழை நேரத்தில் இங்கே சிக்னலை வாசலில் ஒரு மூலையில்தான் பிடிக்க முடியும். நாலு பேரும் ஒரு குடைக்குள் நின்றோம். படம் நின்று நின்று வந்தது. பூ, மெழுகுவர்த்தி, புதிதாக வைத்த கல். சின்னவன் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்க் கல்லில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான். ஒன்றாம் வகுப்புப் படிப்பு, ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. "மாமா, ஆச்சி இதுக்குள்ளதான் இருக்காங்களா?" என்றான். அண்ணன் என்னைப் பார்த்தான். "உடம்பு இங்க இருக்குடா. ஆச்சி சாமிகிட்ட இருக்காங்க" என்றேன். வீட்டுக்காரர் தலையாட்டினார். அதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

"அப்ப நம்ம ரூம்ல இல்ல" என்றான்.

"இல்ல."

கொஞ்சம் ஏமாற்றமாக இருந்த மாதிரிகூட எனக்குத் தோன்றியது.

ராத்திரி பெரியவள், பால் பிராண்டின் கடிதத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆச்சி உனக்கு வாட்ஸ்அப்ல பேசி அனுப்புவாங்கல்ல, அதுல ஒண்ணு போடேன்." மலைக்கு வருவதற்கு முன் அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் என் போனில் பதினேழு இருக்கின்றன. ஜூலைக்குப் பிறகு நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. கை விரல் மேலேயே நின்றது. சின்னவன் எட்டி அழுத்திவிட்டான்.

பின்னால் பஸ் ஹாரன் சத்தம். அம்மா கத்திப் பேசுகிறார்கள். நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறேன், டிரைவர் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் மஞ்சள் பை, சேலத்தில் மாப்பிள்ளையை நேரத்துக்கு நிற்கச் சொல்லு, பிரிட்ஜில் வைத்துத் தொலைக்காதே, வெயிலில் ஒரு காய்ச்சல் போடு. அவ்வளவுதான். 'நல்லா இருக்கியா' என்றுகூடக் கேட்கவில்லை.

"கருவாடு வந்துச்சா?" என்று கேட்டான் சின்னவன்.

"வந்துச்சு."

"வெயில்ல போட்டியா?"

"இந்த மலைல வெயிலுக்கு எங்கடா போறது?"

இன்னொரு தடவை போடச் சொன்னான். ஐந்தாறு தடவை கேட்டிருப்போம். அன்று ராத்திரி போர்வையைத் தூக்கிக்கொண்டு ஆச்சி கட்டிலுக்குப் போனான். துணைக்குப் பூசணி விளக்கையும் எடுத்துக்கொண்டான், கண்ணாடி வெட்டிய பக்கம் தன்னைப் பார்க்கிற மாதிரி.

அந்தப் பூசணி செவ்வாய்க்கிழமை பூஞ்சை பிடித்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போயிற்று. இந்த ஈரத்தில் மூன்று நாள் தாங்கினதே பெரிது. எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். கரண்ட் போனால் இப்போதும் கொல்லைப்புறம் போக அவனுக்குத் துணை வேண்டும். கொல்லிமலை மர்மம் என்று ஏதாவது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போனை நீட்டுகிறான். ஆனால் பந்து அந்த அறைக்குள் உருண்டால் எந்த நேரமானாலும் போய் எடுத்து வருகிறான்.

காகிதச் சங்கிலி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. இந்த வருஷமாவது தேவசகாயம் பிள்ளை வருவாரா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாதாம். சங்கிலியை அக்காவுக்குக் கொடுத்துவிடு, ஆச்சி வேஷம் எனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.